முடியும், ஆனால் செய்வதில்லை: சுங்கை சிப்புட்டில் ஒரு சமூகச் செயல்பாட்டு மதிப்பீடு

மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறும் ஒருவரைப் பற்றி டாக்டர் "நிலையாக இருக்கிறார்" என்று எழுதுகிறார். அதே வாரம் அவருடைய அம்மா, "எப்பப் பார்த்தாலும் சும்மாவே உக்காந்திருக்கான் மிஸ்ஸி, இவனை என்னதான் செய்யறது?" என்று கேட்கிறார். இரண்டும் உண்மைதான். காதில் கேட்ட குரல்களும் சந்தேகங்களும் அடங்கிவிட்டனவா என்று டாக்டர் பார்க்கிறார். மகன் எழுந்து குளித்து, நாலு பேரோடு பேசி, கையில் ஒரு வேலையோடு இருக்கிறானா என்று அம்மா பார்க்கிறார். அம்மா பார்ப்பதைத்தான் சமூகச் செயல்பாடு என்கிறோம். அதை அளக்க நல்ல கருவிகள் இருக்கின்றன. ஆனால் அவை தரும் எண், கேள்வியை எங்கே கேட்கிறோம், யாரிடம் கேட்கிறோம், எதற்காகக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து மாறும். அந்த மாற்றத்தை ஒரே மனிதரிடம் பார்க்கக் கிடைத்ததால் இதை விரிவாக எழுதுகிறேன்.

என் வேலை ஆக்குபேஷனல் தெரபி. நோய் வந்தவர் அன்றாட வேலைகளை மறுபடி கைக்குக் கொண்டுவர உதவுவது. இங்கே வரும் மனிதர் யார் என்று யாரும் கண்டுபிடிக்கக் கூடாது என்பதால், மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரே மாதிரி நிலையில் இருக்கும் சிலரின் விவரங்களைச் சேர்த்து ஒருவராக எழுதியிருக்கிறேன். அவரைக் 'க' என்று குறிப்பிடுகிறேன்.

பின்னணி

க-வுக்கு வயது 41. அப்பா, அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள். ரப்பர் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) உடைக்கப்பட்ட பிறகு குடும்பம் ஊருக்குள் ஒரு மலிவு விலைத் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீட்டுக்கு வந்தது. அப்பா இப்போது இல்லை. அக்கா திருமணமாகிக் கிள்ளானில் இருக்கிறார். வீட்டில் 68 வயது அம்மாவும் இவரும் மட்டும்தான்.

தமிழ்ப்பள்ளியில் நன்றாகப் படித்தவர். ஐந்தாம் படிவம் முடித்துப் பினாங்குப் பக்கம் ஓர் எலக்ட்ரானிக் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். 22 வயதில் நோய் தொடங்கியது. ஹாஸ்டலில் கூட இருப்பவர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றார், தூங்குவதை நிறுத்தினார், ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்கு வந்துவிட்டார். யாரோ ஏதோ வைத்துவிட்டார்கள் என்று குடும்பம் சாமி பார்ப்பவர்களிடம் அலைந்ததில் ஒன்றரை வருடம் போனது. நம்மவர்களிடையே இது அடிக்கடி நடக்கிறது. அவர்களைத் திட்டிப் பயனில்லை. "தஞ்சோங் ரம்புத்தான்" என்ற மனநல மருத்துவமனை ஊரின் பெயரையே வசைச்சொல்லாகக் கேட்டு வளர்ந்தவர்கள் பிள்ளையை மனநலச் சிகிச்சைக்குக் கூட்டிப் போகத் தயங்கத்தான் செய்வார்கள். 1911-ல் தொடங்கிய அந்த உளு கிந்தா மருத்துவமனை இங்கிருந்து அதிக தூரம்கூட இல்லை.

சிகிச்சை தொடங்கிய பிறகு இரண்டு முறை மருத்துவமனையில் தங்கியிருக்கிறார். இரண்டும் மாத்திரையை நிறுத்திய காலத்தில். இப்போது மாதம் ஒரு ஊசி, அதோடு நடுக்கத்துக்கு ஒரு மாத்திரை. குரல்கள் எப்போதாவது கேட்கும், பொருட்படுத்துவதில்லை என்கிறார். பேச்சு குறைவு, முகத்தில் உணர்ச்சி குறைவு, தானாக எதையும் ஆரம்பிப்பதில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயூ கார்டுக்கு விண்ணப்பிக்கலாமா, இல்லை தம்பிக்கு ஏதாவது வேலை பார்க்கலாமா என்று அக்கா கேட்டதில்தான் மதிப்பீடு தொடங்கியது.

எதைக் கொண்டு அளந்தோம்

முன்பெல்லாம் ஜிஏஎஃப் என்ற ஒரே எண் போதும் என்றிருந்தது. அறிகுறிகளையும் செயல்பாட்டையும் 1 முதல் 100 வரையிலான ஒற்றைப் புள்ளியில் குழைத்துவிடுவது அதன் குறை. குரல் கேட்டுக்கொண்டே ஒழுங்காக வேலைக்குப் போகிறவரும், குரலே இல்லாமல் மூலையில் உட்கார்ந்திருப்பவரும் அதில் சரியாகப் பிரிய மாட்டார்கள். 2013-ல் வந்த டிஎஸ்எம்-5 என்ற அமெரிக்க மனநோய் வகைப்பாட்டு நூல் அதைக் கைவிட்டது.

நான் முதன்மையாக எடுத்துக்கொண்டது பிஎஸ்பி என்ற அளவுகோல். இத்தாலியில் மொரோசினியும் குழுவினரும் 2000-ல் வெளியிட்டது. பயனுள்ள வேலை, உறவுகள், தன்னைக் கவனித்துக்கொள்ளுதல், பிறரைத் தொந்தரவு செய்யும் அல்லது தாக்கும் நடத்தை என்ற நான்கு பகுதிகளையும் கடந்த ஒரு மாதத்தை வைத்துத் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒவ்வொன்றிலும் சிரமம் இல்லை என்பதில் தொடங்கி லேசானது, தெரியும்படியானது, குறிப்பிடத்தக்கது, கடுமையானது, மிகக் கடுமையானது வரை ஆறு படிகள். அவற்றைச் சேர்த்து 100-க்கு ஒரு புள்ளி. 71 அல்லது அதற்கு மேல் என்றால் சிரமம் லேசானதுதான். 30 அல்லது அதற்குக் கீழே என்றால் நெருக்கமான ஆதரவு இல்லாமல் முடியாது.

இரண்டாவது, உலகச் சுகாதார நிறுவனத்தின் ஹூடாஸ் 2.0 என்ற கேள்வித்தாள். அதன் 12 கேள்வி வடிவத்தைப் பயன்படுத்தினேன். கேள்விக்கு 0 முதல் 4 வரை, மொத்தம் 48. எண் கூடினால் சிரமம் கூடுகிறது என்று பொருள். நோயாளியிடமும் கேட்கலாம், அவரை அறிந்தவரிடமும் கேட்கலாம்.

மூன்றாவது, இங்கிலாந்தில் பர்ச்வுட் குழு 1990-ல் வெளியிட்ட எஸ்எஃப்எஸ் என்ற கேள்வித்தாள். அதன் ஏழு பகுதிகளில் இரண்டு எனக்கு மிகவும் பிடித்தவை. ஒன்று, இவரால் தனியாக எதையெல்லாம் செய்ய முடியும் என்று கேட்கிறது. இன்னொன்று, கிட்டத்தட்ட அதே வேலைகளை உண்மையில் எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்று கேட்கிறது. மற்றபடி அந்தக் கேள்வித்தாளை அப்படியே இங்கே இறக்க முடியாது. பொது ஈடுபாடு பற்றிய பகுதி பப், டிஸ்கோ, ஓவியக் கண்காட்சி, தேவாலயம் என்று போகிறது. எங்கள் ஊரில் ஒருவர் நாலு பேரோடு இருக்கும் இடங்கள் கோவில், கல்யாண வீடு, காரிய வீடு, பசார் மாலாம் (இரவுச் சந்தை), ஒட்டுக்கடை. கேள்விகளை மாற்றித்தான் கேட்டேன். மாற்றிவிட்ட பிறகு, சராசரி 100 என்று அவர்கள் வகுத்த அட்டவணையில் இவருடைய புள்ளியைப் போட்டு ஒப்பிடுவது முறையாகாது. ஆகவே எஸ்எஃப்எஸ்ஸிலிருந்து எண் எதுவும் தரவில்லை. இவரை இவரோடு ஒப்பிட மட்டுமே அது உதவியது.

சென்னையில் சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய, மனச்சிதைவு நோய்க்கான ஸ்கார்ஃப் நிறுவனத்தினர் குடும்பத்துக்குள் ஒருவரின் பங்கையும் தனியாகக் கேட்கும் அளவுகோலை உருவாக்கியிருக்கிறார்கள். கூட்டாக வாழும் வீடுகளுக்கு அந்தக் கோணம் அவசியம். வீட்டில் என்ன கேட்பது என்று யோசிக்கும்போது அது மனதில் இருந்தது.

கிளினிக்கில் கிடைத்த எண்கள்

கிளினிக்கில் க சட்டையைப் பேண்டுக்குள் விட்டுக்கொண்டு, தலை வாரி, விபூதி பூசி வந்திருந்தார். ஊசி ஒரு மாதமும் தவறவில்லை. தன்னைக் கவனித்துக்கொள்வதில் சிரமம் லேசானதுதான் என்று தோன்றியது. வேலை 19 வருடமாக இல்லை, குறிப்பிடத்தக்க சிரமம். உறவுகளிலும் அப்படியே. தொந்தரவான நடத்தை அறவே இல்லை. பிஎஸ்பி 45.

ஹூடாஸில் அவர் தனக்குத் தானே கொடுத்தது 9. அதே கேள்விகளுக்கு அவரைப் பற்றி அம்மா கொடுத்தது 23.

இவ்வளவு வித்தியாசத்தைப் பார்த்தால், நோயாளிக்குத் தன் நிலை புரியவில்லை என்று எழுதிவிட்டுப் போகத் தோன்றும். அது அவசரம். ஒவ்வொரு பதிலையும் எடுத்து, "எப்படிச் சொல்றீங்க?" என்று திரும்பக் கேட்டேன். வீட்டுப் பொறுப்புகளைக் கவனிப்பதில் சிரமமா என்ற கேள்விக்கு 0 சொல்லியிருந்தார். "அம்மா பார்த்துக்கிறாங்க, எனக்கு என்ன சிரமம்?" என்றார். தெரியாதவர்களோடு பழகுவதிலும் 0. "தெரியாதவங்க யாரும் வர்றதில்லையே." இரண்டும் நேர்மையான பதில்கள். ஒருவர் வழக்கமாக எப்படிச் செய்கிறாரோ, பிறர் உதவியையும் சேர்த்து, அந்த நிலையில் எவ்வளவு சிரமம் என்றுதான் ஹூடாஸ் கேட்கிறது. உதவி முழுமையாக இருந்தால் சிரமம் பூச்சியம் ஆகிவிடும். அவர் 9 என்றது அம்மா எவ்வளவு தாங்குகிறார் என்பதையும் சேர்த்துச் சொன்ன எண்.

வீட்டில்

வீட்டுக்குப் போனது அம்மாவின் அனுமதியோடு, ஒரு காலை வேளையில். பசியாறிவிட்டுத்தான் பேச வேண்டும் என்று தோசை சுட்டுக் கொடுத்தார். நான் சாப்பிடும் நேரத்தில் அந்த வீடு எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட முடிந்தது. மகன் எழுந்ததும் பல் துலக்கும் பிரஷ்ஷில் பேஸ்ட் வைத்துத் தயாராக இருக்கிறது. குளிக்கப் போகும்போது துண்டும் உடையும் கதவில் தொங்குகின்றன. மாத்திரை தட்டில் வருகிறது. முடி வெட்ட வேண்டிய நாளை அம்மா சொல்கிறார், காசும் அவரே கொடுத்து அனுப்புகிறார். கிளினிக்கில் நான் பார்த்த வாரிய தலை, அம்மா வாரியது.

"இதெல்லாம் அவரால செய்ய முடியாதா அம்மா?"

"முடியும், ஏன் முடியாது? சொன்னா செய்வான். சொல்லிக்கிட்டே இருக்கணும். அதுக்கு நானே செஞ்சிட்டுப் போயிடலாம்."

எஸ்எஃப்எஸ்ஸின் அந்த இரண்டு பகுதிகளை இருவரிடமும் கேட்டபோது இது இன்னும் தெளிவானது. சமையல், துணி துவைத்தல், கடைக்குப் போதல், காசைக் கணக்கு வைத்தல், தனியாக வெளியே போதல். முடியுமா என்ற வரிசையில் பெரும்பாலும் 'முடியும்'. செய்கிறாரா என்ற வரிசையில் பெரும்பாலும் 'இல்லை'. சமையலுக்கு ஒரு காரணம் இருந்தது. பல வருடங்களுக்கு முன், நோய் கூடியிருந்த சமயத்தில், அடுப்பைப் பற்றவைத்துவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார். அன்றிலிருந்து அம்மா அவரை அடுப்படிக்கு விடவில்லை. நோய் அடங்கிவிட்டது, தடை மட்டும் அப்படியே நின்றுவிட்டது.

முடியும் என்று சொல்வதை நம்பினால் மட்டும் போதாது என்பதால் செய்து பார்க்கச் சொன்னேன். சோறு வைத்தார். அரிசியைக் களைந்து, விரல் கணுவை வைத்துத் தண்ணீர் அளந்து, பொங்கும் நேரத்தில் தீயைக் குறைத்தார். அம்மா அடுப்படி வாசலிலேயே நின்றார். அடுத்து 20 வெள்ளியைக் கொடுத்து, முட்டை, வெங்காயம், சீனி, சவர்க்காரம் வாங்கி வரச் சொன்னோம். மீதிக் காசு சரியாக வந்தது, சவர்க்காரம் வரவில்லை. இன்னொரு பட்டியலை எழுதிக் கொடுத்தபோது எல்லாமே வந்தன. காதால் கேட்டதை நினைவில் வைப்பது இந்த நோயில் பலருக்கும் குறையும். அன்றாடச் செயல்பாட்டோடு அதற்கு நெருங்கிய தொடர்பு உண்டு என்று மைக்கேல் கிரீன் 1996-லேயே எடுத்துக்காட்டியிருக்கிறார். நடுக்கத்துக்குக் கொடுக்கும் மாத்திரையும் நினைவை மந்தமாக்கக்கூடியது. டாக்டரிடம் சொன்னேன். நடுக்கம் அதிகம் இல்லாததால் அவர் அளவைக் குறைத்தார்.

'பஸ்ஸில் தனியாகப் போகிறாரா' என்ற கேள்வியை மட்டும் நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. தாமானிலிருந்து அவர் போக விரும்பும் பக்கம் பஸ்ஸே கிடையாது. இந்தப் பக்கத்தில் மோட்டார் சைக்கிள் இல்லாதவர் எவருமே எங்கும் போக முடியாது. அவருடைய லைசென்ஸ் காலாவதியாகிப் பல வருடம் ஆகிவிட்டது. உலகச் சுகாதார நிறுவனம் 2001-ல் கொண்டுவந்த ஐசிஎஃப் வகைப்பாடு ஒருவரின் திறனை ஓரிடத்திலும், தன் சூழலில் அவர் உண்மையில் செய்வதை வேறிடத்திலும் குறிக்கச் சொல்கிறது, சூழலையும் தனியாகப் பதியச் சொல்கிறது. ஊரில் பஸ் இல்லாததை ஒருவரின் நோய்க் கணக்கில் எழுதக் கூடாது என்பது எனக்கு முக்கியமான விஷயம்.

கோவிலில்

அம்மா பேச்சுவாக்கில், "காலையில கோயில் பக்கம் போயிட்டு வருவான், வேற என்ன செய்றான்?" என்றார். அது பழைய தோட்டத்து மாரியம்மன் கோவில். லயங்கள் போய்விட்டன, கோவில் செம்பனைக்கு நடுவே நிற்கிறது. வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர் இருக்கும். க வெயில் ஏறுமுன் நடந்தே போகிறார். வாசலில் சருகு கூட்டுகிறார், தொட்டியில் தண்ணீர் நிரப்புகிறார், வெள்ளிக்கிழமைகளில் விளக்குகளைப் புளி போட்டுத் தேய்த்து வைக்கிறார். இதைப் பல வருடமாகச் செய்கிறார். பூசாரியிடம் கேட்டேன். "அவன் வராத அன்னைக்குத்தான் எவ்வளவு வேலைன்னு எனக்குத் தெரியும்" என்றார். திருவிழாவில் மட்டும் கூட்டத்தில் நிற்க முடியாமல் பின்னால் போய்விடுவாராம்.

கிளினிக்கில் இதை அவர் சொல்லவே இல்லை. 'வேலை செய்கிறீர்களா' என்றால் சம்பள வேலை என்றுதான் நம் ஊரில் எவரும் எடுத்துக்கொள்வார்கள். தோட்டத்தில் காலையில் ஆள் எண்ணும் பெரட்டில் பெயர் இருந்தால்தான் வேலை என்று இருந்த குடும்பங்கள் இவை. பிஎஸ்பியோ சமூகத்துக்குப் பயனுள்ள செயல் எதையும் கணக்கில் எடுக்கிறது. அது கூலியோடு வந்தாலும் சரி, கூலி இல்லாவிட்டாலும் சரி.

மறு மதிப்பீட்டில் வேலைப் பகுதி 'குறிப்பிடத்தக்க' சிரமத்திலிருந்து 'தெரியும்படியான' சிரமத்துக்கு வந்தது. தன்னைக் கவனித்துக்கொள்ளும் பகுதியோ, அம்மாவின் கைகளைக் கழித்துப் பார்த்ததும், லேசானதிலிருந்து 'குறிப்பிடத்தக்க' நிலைக்கு இறங்கியது. உறவுகள் பழையபடியே. இரண்டு பகுதிகளில் குறிப்பிடத்தக்க சிரமம் இருந்தால் மொத்தப் புள்ளி 41-க்கும் 50-க்கும் இடையில்தான் வரும். ஆகவே மறுபடியும் 45.

முதல் 45-ஐ வைத்துத் திட்டம் போட்டிருந்தால் வேலைப் பயிற்சியில் ஆரம்பித்திருப்போம். இரண்டாவது 45 அடுப்படியிலும் குளியலறையிலும் ஆரம்பிக்கச் சொன்னது, வேலைக்கு ஏற்கெனவே ஒரு அடித்தளம் இருக்கிறது என்றும் சொன்னது. ஒருவருடைய பதிவேட்டில் மொத்தப் புள்ளியை மட்டும் எழுதிவைப்பதை நான் கடுமையாக எதிர்ப்பது இதனால்தான். நான்கு பகுதிகளையும் எழுத வேண்டும். யாரிடம் கேட்டது, எங்கே பார்த்தது என்றும் எழுத வேண்டும்.

கார்டு விஷயம்

அம்மாவின் பதில்களிலும் ஒரு ஏற்ற இறக்கம் இருந்தது. முதல் நாள் எல்லாவற்றையும் கொஞ்சம் நல்லபடியாகவே சொன்னார். கெடுதலாகச் சொன்னால் மகனை மறுபடி தஞ்சோங் ரம்புத்தானில் சேர்த்துவிடுவார்களோ என்ற பயம். ஓகேயூ கார்டுக்காகவும் இது பயன்படும் என்று அக்கா போனில் சொன்ன பிறகு பதில்கள் மோசமாகின. "ஒன்னுமே தெரியாது மிஸ்ஸி, குழந்தை மாதிரி" என்றார். மகன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

அம்மாவைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கான 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் மனநோய்க்கும் பதிவு உண்டு. அதற்கு முன் குறைந்தது இரண்டு வருடம் மனநலச் சிகிச்சை பெற்றிருக்க வேண்டும். சமூகச் செயல்பாடு, சிந்தனைத் திறன், நடத்தைக் கட்டுப்பாடு மூன்றும் எந்த அளவு பாதிக்கப்பட்டிருக்கின்றன என்று மனநல நிபுணர் பார்க்க வேண்டும். சமூக நலத் துறையான ஜேகேஎம் வழியாக, குறைந்த வருமானத்தில் வேலை செய்பவருக்கு ஓர் உதவித்தொகை இருக்கிறது, வேலை செய்யவே முடியாதவருக்கு வேறொன்று இருக்கிறது. எந்தப் பக்கம் பேசினால் பிள்ளைக்கு நல்லது என்று ஒரு தாய் யோசிப்பது இயல்பு. மதிப்பிடுபவர்தான் இரண்டையும் பிரித்துக் காட்ட வேண்டும். நாங்கள் அம்மாவையும் மகனையும் சேர்த்து உட்காரவைத்து, இந்தக் கேள்விகளுக்கு என்ன பதில் சொன்னாலும் ஊசி நிற்காது, யாரையும் எங்கேயும் அனுப்ப மாட்டார்கள், கார்டுக்கு டாக்டர் தனியாகப் பார்த்து எழுதுவார் என்று சொன்னோம். மேலே கொடுத்திருக்கும் 23 அதற்குப் பிறகு கேட்டது. மகனைப் பற்றிய கேள்விகளை அவர் முன்னால் கேட்பதா, தனியாகக் கேட்பதா என்று அவரிடமே கேட்டோம். "தனியா கேளுங்க, அப்புறம் எனக்கும் சொல்லுங்க" என்றார். அப்படியே செய்தோம்.

திட்டமும், ஆறு மாதம் கழித்தும்

திட்டம் சின்னதாகத்தான் இருந்தது. காலைக் கடன்களில் அம்மா கை வைப்பதில்லை. சுவரில் ஒட்டிய பட்டியலைப் பார்த்து அவரே செய்வார். மதியச் சோறு அவர் பொறுப்பு. முதல் மாதம் அம்மா அடுப்படியில் நிற்கலாம், பிறகு கூடத்தில் உட்கார வேண்டும். கடைக்குப் போகும்போது சீட்டு. வேலைக்கு, மெந்தாரி மனநல நிலையங்களில் செய்வது போல, முதலில் பல மாதம் பயிற்சி என்று இழுக்காமல் நேராக வேலையிலேயே சேர்த்து, கூட இருந்து தாங்குவது. செலாயாங்கில் 2011-ல் முதல் மெந்தாரி நிலையம் தொடங்கியதிலிருந்து இந்த முறை நாட்டில் பரவியிருக்கிறது. பூசாரி வழியாக ஒரு பூச்செடி நர்சரியில் காலையில் இரண்டு மணி நேர வேலை கிடைத்தது. தண்ணீர் ஊற்றுவதும் பை நிரப்புவதும்.

அம்மாவுக்குத்தான் இது கஷ்டமாக இருந்தது. "நான் இருக்கிறப்ப அவன் ஏன் சமைக்கணும்?" என்று இரண்டாம் வாரம் அழுதார். உப்பில்லாத சோறும் கருகிய கருவாடும் வந்த நாட்கள் உண்டு. நர்சரியில் ஒரு முறை காரணம் சொல்லாமல் ஒரு வாரம் போகவில்லை. குரல்கள் கூடியிருந்தன என்று பிறகு சொன்னார், டாக்டர் பார்த்தார், திரும்பப் போனார்.

ஆறு மாதம் கழித்து பிஎஸ்பி 54. தன்னைக் கவனித்துக்கொள்வது 'தெரியும்படியான' சிரமத்துக்கு ஏறியிருந்தது, வேலை அங்கேயே நின்றது, உறவுகளில் அசைவே இல்லை. அவரோடு படித்தவர்கள் சிங்கப்பூரிலும் ஜோகூரிலும் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். தாமானில் இருப்பவர்கள் பெரும்பாலும் வயதானவர்களும் பள்ளிப் பிள்ளைகளும்தான். நாற்பது வயது ஆண் ஒருவர் புதிதாக நட்பு தேடிக்கொள்ள இந்த ஊரில் யார் மிச்சம் இருக்கிறார்கள் என்பதையும் நோயோடு சேர்த்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

ஹூடாஸில் அம்மாவின் எண் 23-லிருந்து 17-க்கு இறங்கியது. க-வின் எண் 9-லிருந்து 16-க்கு ஏறியது. எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு அவர் மோசமாகிவிட்டார் என்று தோன்றும். வீட்டுப் பொறுப்பு பற்றிய கேள்விக்கு இந்த முறை 2 கொடுத்தார். "குழம்பு சரியா வர மாட்டேங்குது" என்றார். தெரியாதவர்களோடு பழகுவதற்கு 3. நர்சரிக்கு வாங்க வருகிறவர்கள் விலை கேட்கும்போது வாய் வருவதில்லையாம். செய்ய ஆரம்பித்த பிறகுதான் சிரமம் தெரிகிறது. இரண்டு பேருடைய எண்களும் கிட்டத்தட்ட ஒரே இடத்துக்கு வந்ததை நான் நல்ல அறிகுறியாகவே எடுத்துக்கொண்டேன். ஒரே வாழ்க்கையை இப்போது இருவரும் பார்க்கிறார்கள்.

ஓகேயூ கார்டுக்கான படிவத்தை மனநல நிபுணர் நிரப்பிக் கொடுத்துவிட்டார். விலை கேட்பவர்களுக்குப் பதில் சொல்ல நர்சரியில் ஒவ்வொரு வரிசையிலும் விலைப்பலகை வைக்க முதலாளி ஒப்புக்கொண்டிருக்கிறார். அடுத்த மாதம் அம்மாவுக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. கிள்ளானில் மகள் வீட்டில் சில வாரம் தங்குவார். க கூடப் போக விரும்பவில்லை, வீட்டிலேயே இருப்பேன் என்கிறார். பூசாரி மாலையில் வந்து பார்ப்பதாகவும், அக்கா இரவில் போன் செய்வதாகவும், ஊசி நாளன்று கிளினிக்கிலிருந்து ஒருவர் வீட்டுக்கு வருவதாகவும் ஏற்பாடு. அந்த மாதம் முடிந்த உடனே பிஎஸ்பியை மறுபடி போடுவோம். தகவல் சொல்லப்போகிறவர்கள் அப்போது பூசாரியும் அக்காவும் க-வும்.